பொம்பளை பைலட்டுங்க ஒண்ணுகூடி என்னதான் பண்றாங்க?

போன வாரம் இங்க கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவுல ஒரு நண்பர் வீட்டு விசேஷம். தட்டை ஏந்திக்கிட்டு சாப்பாட்டு வரிசையில நிக்கிறோம். முன்னாடி நின்ன மாமா திரும்பிக் கேட்டார்:

"சனிக்கிழமை பூரா ஆளையே காணோமேம்மா?"

"பெண் விமானிகள் சங்கத்துக்காரங்களோட ஏர்போர்ட்ல பெயிண்ட் அடிக்கப் போயிருந்தேன் மாமா."

"ஓ, லேடீஸ் கிளப்பா! நல்லதுதான், பொழுது போகணுமில்ல."

சொல்லிட்டு ரெண்டு வடையை எடுத்து வச்சிக்கிட்டு நகர்ந்துட்டார். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா 'பொழுதுபோக்கு'ங்கிற ஒரே வார்த்தையில அத்தனை பேர் உழைப்பையும் மூட்டை கட்டி ஓரமா வச்சுட்டாரே!

அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும். காபி போட்டுட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல அந்த சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

எங்க பக்கத்து வீட்டம்மா ரிட்டயர்டு டீச்சர். எழுபதைத் தாண்டியாச்சு. நாலு சீட் செஸ்னாவை இப்பவும் ஓட்டறாங்க. 'நைன்ட்டி நைன்ஸ்'னு பெண் விமானிகளுக்கு உலகம் பூரா ஒரு அமைப்பு இருக்கு. அதோட உள்ளூர்க் கிளையில மெம்பர். "ஒரு சின்ன ஏர்போர்ட்ல தரையில காம்பஸ் ரோஸ் வரையப் போறோம், வர்றியா?"ன்னு கேட்டாங்க.

"எனக்கு லைசென்ஸ் இல்லையே?"

"முட்டி போட முடியும்ல? அது போதும்."

கிளம்பிட்டேன்.

காம்பஸ் ரோஸ்னா என்ன? விமானம் நிக்கிற தரையில வரையற பெரிய வட்டம். அதுல வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடுவுல 30 டிகிரிக்கு ஒரு கோடு. பார்க்க அலங்காரமா இருக்கும். ஆனா அது ஒரு கருவி.

விமானத்துல எத்தனை கம்ப்யூட்டர் திரை இருந்தாலும் சாதாரண காந்த திசைகாட்டி ஒண்ணும் இருக்கணும். சட்டமே அப்படித்தான். கரண்ட் போனாலும் அது வேலை செய்யும். ஆனா அதுக்கு ஒரு வீக்னஸ் உண்டு. பக்கத்துல இருக்கிற இரும்பு, ஒயர், ரேடியோ எல்லாம் முள்ளை இழுக்கும். (ஹெட்செட்டைக் கழட்டி டேஷ்போர்டுல வச்சாலே முள் நகர்றதை அந்தம்மா எனக்குக் காட்டினாங்க.) அதனால ஒவ்வொரு விமானத்துலயும் முள் எவ்வளவு தப்பாக் காட்டுதுன்னு கண்டுபிடிக்கணும். விமானத்தை இந்த வட்டத்துல கொண்டு வந்து நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ரேடியோ எல்லாம் ஆன் பண்ணி, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரா திருப்பி வச்சுப் பார்ப்பாங்க. முள் எங்க காட்டுது, தரை என்ன சொல்லுது? ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்ன அட்டையில எழுதி திசைகாட்டிக்குக் கீழ ஒட்டிடுவாங்க. பைலட் அதைப் பார்த்துதான் கணக்கு போட்டுக்குவார்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. தரையில வரைஞ்ச கோடே தப்புன்னா?

அதனால வடக்கைக் குறிக்கிற வேலையை சர்வேயர் ஒருத்தர் வந்து செஞ்சு கொடுத்தார். அதுவும் மேப்ல இருக்கிற வடக்கு இல்ல, காந்த வடக்கு. அந்தக் காந்த வடக்கு ஒரே இடத்துல நிக்கிறதும் இல்ல, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகருது. 2011-ல ஃபுளோரிடாவோட டாம்பா ஏர்போர்ட்ல இதுக்காகவே ரன்வேயை மூடி, அதுல எழுதியிருந்த நம்பரை மாத்தி எழுதினாங்க. பழைய காம்பஸ் ரோஸை அழிச்சு புதுசா வரையறதுக்கும் இதான் காரணம். ஒருதடவை வரைஞ்சுட்டா முடிஞ்சுதுன்னு விட முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

கான்சஸ் காத்து பத்தித் தெரியாதவங்களுக்கு: இங்க காத்து வீசாத நாள்னு ஒண்ணு இருக்கான்னு எனக்கு சந்தேகம். நம்ம ஊர் ஆசாரி சாக்பீஸ் தடவின நூலை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு, நடுவுல சுண்டிவிட்டு நூல் அடிப்பாரே, அதே வேலைதான். ஆனா நூல் நீளம், காத்து பலம். சுண்டும்போதெல்லாம் கோடு வில்லா வளைஞ்சு விழுந்துச்சு. அழிச்சோம், அடிச்சோம். மறுபடி அழிச்சோம். கடைசியில ஒரு பொண்ணு (விமான மெக்கானிக்கா வேலை பார்க்கிறவங்க) நூலோட நடுவுல முழங்காலைப் போட்டு விரலால அழுத்திக்கிட்டு, "இப்ப அந்தப் பாதியை அடி, அப்புறம் இந்தப் பாதியை அடி"ன்னாங்க. கோடு நேரா விழுந்துச்சு! அத்தனை பேரும் கைதட்டினோம்.

அடுத்தது டேப். சொரசொரப்பான தரையில ஒட்டின டேப்புக்கு அடியில பெயிண்ட் கசிஞ்சு ஓடும். டேப் மேல ஒருத்தர் ஷூவோட நடந்து நடந்து அழுத்தினாங்க. மொதல் கோட் ரொம்ப மெல்லிசா அடிச்சு ஓரத்தை அடைச்சுட்டு, அப்புறம்தான் ரெண்டாவது கோட். டேப்பை எப்ப உரிக்கிறதுங்கிறதுக்கு ஒரு பெரிய விவாதமே நடந்துச்சு. முழுசா காயறதுக்கு முன்னாடி உரிக்கணும்னு ஒரு கட்சி, காய்ஞ்சப்புறம்னு ஒரு கட்சி. ஓரமா ரெண்டையும் செஞ்சு பார்த்தோம். முன்னாடி உரிச்சதுதான் சுத்தமா வந்துச்சு.

திசை எழுத்தை அடிக்கிறதுக்கு வெட்டின அச்சுப் பலகை காத்துல எழும்பாம இருக்க, அது மேல ஒருத்தர் ஏறி உக்கார்ந்துட்டாங்க. அவங்க பெரிய ஜெட்டோட கேப்டன்.

அங்க புருஷன்மாரும் இருந்தாங்க. இவங்களுக்கு அமைப்புல ஒரு செல்லப் பேரு உண்டு: 'நாப்பத்தொன்பதரை'. (தொண்ணூத்தொன்பதுல பாதி!) தண்ணி கேன் தூக்கறது, அடுப்புல பர்கர் வாட்டறது, பெயிண்ட் டின்னைக் கலக்கறது எல்லாம் அவங்க டிபார்ட்மென்ட். முகம் சுளிக்காம, ரொம்ப சந்தோஷமா செஞ்சாங்க.

பெயிண்ட் செலவு ஏர்போர்ட்டோடது, உழைப்பு இவங்களோடது. யாரும் சம்பளம் வாங்கல. அமெரிக்கா பூரா சின்னச் சின்ன ஏர்போர்ட்கள்ல இந்த மாதிரி வரைஞ்சிருக்காங்க. அதை உபயோகப்படுத்தற பைலட்டுங்கள்ல பெரும்பாலானவங்க ஆம்பளைங்கதான். மாமா, இது லேடீஸ் கிளப்போட பொழுதுபோக்கா?

இந்த பெயிண்ட் அடிக்கிற பழக்கத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கேட்டா உங்களுக்கும் கோபம் வரும்.

ஹெலன் ரிச்சினு ஒரு பைலட். 1934 டிசம்பர் 31-ஆம் தேதி பயணிகள் விமானத்தை ஓட்டின கெட்டிக்காரி. அமெரிக்காவுல அந்த வேலைக்கு எடுத்த மொதல் பெண். ஆனா விமானிகள் சங்கம் அவங்களை மெம்பரா சேர்த்துக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு. மழை, காத்து இருக்கிற நாள்ல ஓட்டக் கூடாதுன்னு அரசாங்கத் தரப்புலயும் கை வச்சாங்க. ஒரு வருஷம் முடியறதுக்குள்ள வேலையை விட்டுட்டாங்க.

அந்த நேரத்துல ஃபீபி ஓம்லின்னு இன்னொரு பெண் விமானி ஒரு யோசனையோட இருந்தாங்க. அப்பல்லாம் பைலட்டுக்கு வழி தெரியாமப் போறது சகஜம். கீழ தெரியற ஊர் எதுன்னே தெரியாது. 15 மைலுக்கு ஒரு இடத்துல ஊர் பேரைக் கூரை மேல பெருசா எழுதி வச்சா? அந்தத் திட்டத்துக்குக் களப்பணிக்கு எடுத்ததே பெண் விமானிகளைத்தான். லூயிஸ் தேடன், பிளான்ச் நாய்ஸ், அப்புறம் நம்ம ஹெலன் ரிச்சி. ஊர் ஊராப் போய், அதிகாரிங்ககிட்ட பேசி, களஞ்சியக் கூரை, கிடங்குக் கூரைன்னு கண்டுபிடிச்சு எழுத வச்சாங்க. ரெண்டாம் உலகப்போர் வந்ததும் கடலோரத்துப் பேரையெல்லாம் எதிரி பார்த்துடக் கூடாதுன்னு அழிக்கச் சொன்னாங்க. அந்த வேலையும் பிளான்ச் நாய்ஸ் தலையிலதான் விழுந்துச்சு. போர் முடிஞ்சதும் திரும்ப எழுத வச்சதும் அவங்கதான்.

விமானத்துல உக்கார இடம் கொடுக்க மாட்டேன்னு சொன்ன அதே ஆளுங்களுக்கு இவங்க கூரை மேல வழி எழுதி வச்சாங்க. அந்த சனிக்கிழமை நான் டேப் ஒட்டினது அதோட தொடர்ச்சிதான்.

லூயிஸ் தேடன் பேரைச் சொன்னேன் இல்லையா? எங்க விச்சிட்டாவோட சம்பந்தம் உள்ளவங்க. இங்க ஒரு நிலக்கரிக் கம்பெனியில விற்பனை வேலை பார்த்தாங்க. ஆனா எந்நேரமும் டிராவல் ஏர் விமானத் தொழிற்சாலையிலயே சுத்திக்கிட்டு இருந்தாங்க. கடைசியில அந்த கம்பெனியே அவங்களுக்கு வேலை போட்டுக் கொடுத்துச்சு. 1929 ஆகஸ்ட்ல சாண்டா மோனிகாவுல இருந்து கிளீவ்லேண்ட் வரைக்கும் பெண்களுக்குன்னு ஒரு விமானப் பந்தயம் நடந்துச்சு, அதுல கனரக விமானப் பிரிவுல ஜெயிச்சது இவங்கதான். லேசுரகப் பிரிவுல ஜெயிச்சது ஃபீபி ஓம்லி.

அந்தப் பந்தயம் சாதாரணமானது இல்ல. அதுல கலந்துக்கிட்ட மார்வெல் கிராஸன் அரிசோனாவுல விழுந்து செத்துப்போனாங்க. பிளான்ச் நாய்ஸோட விமானம் ஆகாயத்துலயே தீப்பிடிச்சுது. பாலைவனத்துல இறக்கி, மண்ணை அள்ளிப் போட்டு அணைச்சுட்டு, மறுபடி கிளம்பிட்டாங்க! இதுக்கு அன்னிக்குப் பத்திரிகைகள்ல பரவின பேரு 'பவுடர் பஃப் டெர்பி'. முகத்துக்குப் பவுடர் போடற பஞ்சு. மாமா சொன்னதும் அதே ரகம்தான். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு, பேச்சு மாறல.

பந்தயம் முடிஞ்ச கையோட இவங்க யோசிச்சாங்க: நமக்குள்ள ஒரு தொடர்பு வேணும். அமெரிக்காவுல லைசென்ஸ் வச்சிருந்த 117 பெண்களுக்கும் கடுதாசி போச்சு. 1929 நவம்பர் 2-ஆம் தேதி நியூயார்க் லாங் ஐலண்ட்ல கர்ட்டிஸ் ஃபீல்டுல ஒரு ஷெட்ல 26 பேர் கூடினாங்க. பக்கத்துல இன்ஜின் சத்தம் காதைக் கிழிக்குது. டூல்ஸ் தள்ளற வண்டியில வச்சு டீ கொடுத்தாங்களாம். 99 பேர் ஆரம்ப உறுப்பினரா சேர்ந்தாங்க, அதுவே அமைப்போட பேராச்சு. 1931-ல மொதல் தலைவி அமீலியா ஏர்ஹார்ட்.

வரலாறு போதும். இப்ப அவங்க 'ஊர் சுத்தற' விஷயத்துக்கு வர்றேன். அங்கதான் எனக்குப் பெரிய பாடம் கிடைச்சுது.

இந்தக் கிளைகள் நடத்தற வேடிக்கையெல்லாம் கேட்டா உங்களுக்கு சிரிப்பு வரும். போக்கர் ரன்னு ஒண்ணு. நாலஞ்சு ஏர்போர்ட்ல இறங்கி, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சீட்டு வாங்கணும். கடைசியில யார் கையில நல்ல சீட்டு சேருதோ அவங்களுக்குப் பரிசு. மாவு குண்டுப் போட்டி இன்னொண்ணு. மைதா மாவுப் பொட்டலத்தை மேலருந்து குறி பார்த்துப் போடணும். கோட்டுல சரியா இறங்கற போட்டி. அம்பது மைல் பறந்து போய் ஒரு பர்கர் சாப்பிட்டுட்டுத் திரும்பறது. (விமான வாடகையெல்லாம் சேர்த்தா அது நூறு டாலர் பர்கர்னு பைலட்டுங்களே சொல்லுவாங்க. இப்ப விக்கிற விலைக்கு நூறெல்லாம் பத்தாது.)

"எதுக்கு இதெல்லாம்?"னு பக்கத்து வீட்டம்மாகிட்ட நேரா கேட்டேன்.

அவங்க சொன்ன கணக்கு இது. அமெரிக்க விதிப்படி ஒரு பைலட் கூட ஆளை ஏத்திக்கிட்டுப் போகணும்னா, அதுக்கு முந்தின 90 நாள்ல மூணு தடவையாவது விமானத்தை மேல ஏத்தி இறக்கியிருக்கணும். ஒரு போக்கர் ரன் போனா அந்த மூணும் ஒரே நாள்ல முடிஞ்சுடும். மாவுப் பொட்டலம் போடறவங்களுக்கு காத்தோட திசையும் வேகமும் கணக்கு போடத் தெரியணும். கோட்டுல இறங்கிப் பழகினவங்களுக்கு நாளைக்கு இன்ஜின் நின்னுபோனா ஒரு வயல்ல இறக்கற தைரியம் இருக்கும். புது ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பழகினா புது ரேடியோ, புது ரன்வே எதுவும் பயமுறுத்தாது.

விளையாட்டுன்னு நினைச்சது பூரா பயிற்சி!

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. லைசென்ஸ் வாங்க சட்டப்படி குறைஞ்சது 40 மணி நேரம் பறக்கணும். நிறையப் பேருக்கு 60, 70 ஆயிடுது. பணம் தண்ணியா ஓடும். வீட்டுல குழந்தை, வேலை, மாமியார் உடம்பு, ஏதாவது ஒரு காரணம் வரும். ரெண்டு மாசம் பறக்கலன்னா கை மறந்து போகும், கை மறந்தா பயம் வரும், பயம் வந்தா அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு தோணும். அந்த 'அடுத்த வாரம்' வரவே வராது. அப்படி நின்னு போகாம இருக்க, "சனிக்கிழமை பர்கர் சாப்பிடப் போறோம், நீ வலது சீட்ல உக்காரு, செலவைப் பாதி பாதி போட்டுக்கலாம்"னு கூப்பிட ஒரு ஆள் வேணும்.

எத்தனை பேர் அந்த ஒரு போன்காலால திரும்ப வந்தாங்கன்னு பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு மரத்தடி மேஜையில ஆளாளுக்குச் சொன்னாங்க. அந்த மெக்கானிக் பொண்ணும் அதுல ஒருத்தி.

அந்த மேஜையில நடந்த பேச்சையும் சொல்லணும். குள்ளமா இருக்கிறவங்களுக்கு விமானத்தோட மூக்குக்கு மேல வெளியே தெரியாது, காலும் பெடலுக்கு எட்டாது. அடியில ஒரு மெத்தை, முதுகுக்கு ஒரு மெத்தை, எந்த மாதிரி வாங்கினா நழுவாது? மாசமா இருக்கும்போது எது வரைக்கும் பறந்தாங்க, எப்ப நிறுத்தினாங்க? நாலு மணி நேரம் பறக்கும்போது பாத்ரூமுக்கு என்ன பண்றது? இதையெல்லாம் ஒரு இருபத்தஞ்சு வயசு ஆம்பள இன்ஸ்ட்ரக்டர்கிட்ட எந்தப் பொண்ணு கேப்பா? சொல்லுங்க. இங்க கேட்டாங்க. கூச்சமே இல்லாம பதில் வந்துச்சு. ஒரு மாணவி நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தா.

பறக்கத் தெரியாதவங்களுக்கும் ஒரு வகுப்பு வச்சிருக்காங்க. 'ஃப்ளையிங் கம்பானியன்' வகுப்பு. பக்கத்து சீட்டுல உக்கார்ந்து போற வீட்டுக்காரங்களுக்கு வரைபடம் பார்க்க, ரேடியோவுல பேச, பைலட் மயங்கிட்டா என்ன செய்யணும்னு சொல்லித் தர்றாங்க. எனக்கு அடுத்து அதுல சேரணும்னு இருக்கு.

திறமையைக் காட்டணும்னா ஏர் ரேஸ் கிளாசிக் இருக்கு. 1977-ல இருந்து பெண்களே நடத்தற பந்தயம். நாலு நாள், சுமார் 2,400 மைல். விமானத்துக்கு விமானம் வேகம் மாறுமில்லையா? அதனால ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அடிப்படை வேகம் குறிச்சுடுவாங்க, அதை விட எவ்வளவு நல்லா பண்றாங்கங்கிறதுதான் போட்டி. ஐம்பது வருஷப் பழசான சின்ன விமானமும் ஜெயிக்கலாம். காத்து எந்த உயரத்துல சாதகமா இருக்குன்னு படிக்கத் தெரிஞ்சவங்க ஜெயிப்பாங்க. காலேஜ் பொண்ணுங்களும் பாட்டிமாரும் ஒரே வரிசையில நிக்கிற பந்தயம் வேற எங்க இருக்கு?

நைன்ட்டி நைன்ஸ் கிளைகளோட போட்டிகள்ல வர்ற காசும், பர்கர் வித்த காசும், டி-ஷர்ட் வித்த காசும் படிப்பு உதவித்தொகைக்குப் போகுது. அமீலியா பேர்ல மொதல் உதவித்தொகை கொடுத்தது 1941-ல. அது இன்னிக்கும் ஓடுது.

நம்ம பக்கத்துக்கு வருவோம்.

இந்தியாவுல பைலட்டுங்கள்ல சுமார் 15 சதவீதம் பெண்கள்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. அமெரிக்காவுல பெரிய கம்பெனி விமானம் ஓட்டறதுக்கான உயர் லைசென்ஸ் வச்சிருக்கிறவங்கள்ல பெண்கள் 5 சதவீத அளவுதான். பெருமைப்பட்டுக்கலாம், தப்பே இல்ல. 1936-லயே லாகூர்ல சரளா துக்ரால் லைசென்ஸ் வாங்கிட்டாங்க. நம்ம உஷா சுந்தரம் 1951-ல புருஷன் கேப்டன் சுந்தரத்தோட சேர்ந்து, மெட்ராஸ் அரசாங்கத்துக்கு வாங்கின டவ் விமானத்தை லண்டன்ல இருந்து பம்பாய்க்கு சுமார் 27 மணி நேரத்துல கொண்டு வந்து சேர்த்தாங்க! நாய் பூனைக்காக சென்னையில ப்ளூ கிராஸ் ஆரம்பிச்ச குடும்பம் அதே குடும்பம்தான். இது நம்ம பாடப் புத்தகத்துல இருக்க வேண்டிய விஷயம்.

ஆனா என் ஆதங்கம் இது. நம்ம ஊர்ல பொண்ணு பைலட் ஆகறதுன்னா நேரா ஏர்லைன்ஸ் வேலைதான் கணக்கு. கடன் வாங்கி, படிச்சு, சம்பளம். ஞாயித்துக்கிழமை நாலு பேர் சேர்ந்து சும்மா பறக்கறது, பத்து வயசுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போய் ப்ரொப்பல்லரைத் தொட்டுப் பார்க்க விடறது, இதுக்கெல்லாம் இடமும் குறைவு, செலவும் ஜாஸ்தி. இந்தியாவுலயும் பெண் விமானிகள் சங்கம் இருக்கு. 'விமன் இன் ஏவியேஷன்' அமைப்போட இந்தியக் கிளையும் இருக்கு. 2015-ல இருந்து ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் வாக்குல அந்த அமைப்போட கிளைகள் 'கேர்ள்ஸ் இன் ஏவியேஷன் டே' நடத்துது. பைலட் மட்டும் இல்ல, மெக்கானிக், கன்ட்ரோலர், இன்ஜினியர்னு எல்லாரையும் குழந்தைங்க நேர்ல பார்க்கலாம்.

அமெரிக்காவுல இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்றேன். உங்க ஊர்ல ஒரு சின்ன ஏர்போர்ட் கண்டிப்பா இருக்கும். 'யங் ஈகிள்ஸ்'னு 1992-ல இருந்து நடக்கற திட்டத்துல 8 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை இலவசமா பறக்கக் கூட்டிட்டுப் போறாங்க. நைன்ட்டி நைன்ஸ் பெண்கள் நிறையப் பேர் அதுல பைலட்டா வர்றாங்க. ஸ்பெல்லிங் போட்டிக்கும் கணக்கு வகுப்புக்கும் கொண்டு விடற அதே கார்ல ஒரு சனிக்கிழமை இங்கயும் கூட்டிட்டுப் போங்க. பொண்ணுதான் முன் சீட்டுல உக்காரணும்னு நீங்களே சொல்லுங்க.

பெரியவங்களும் போகலாம். லைசென்ஸ் வேண்டாம், வயசு தடையில்ல. பிரஷ் பிடிக்கத் தெரிஞ்சா போதும், பர்கர் அவங்க கொடுப்பாங்க. உங்க ஊர்க் கிளை அடுத்து எப்ப பெயிண்ட் அடிக்குதுன்னு ஏர்போர்ட் ஆபீஸ்ல விசாரிங்க. தெரிஞ்சா கீழ எழுதுங்க, பக்கத்து ஊர்ல இருக்கிறவங்க சேர்ந்துக்கட்டும்.